நகரத்தில் ஆகார தானம்

(அட்சய திருதியை விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

வைசாக மாத வளர்பிறையின் மூன்றாம் நாள் அட்சய திருதியை. கடைவீதிகளுக்கு இது பொன் வாங்கும் நாள். சமணர்களுக்கோ இது இந்த யுகத்தின் முதல் ஆகார தானம் நிகழ்ந்த நாள். அந்தத் தானம் காட்டில் நிகழவில்லை, ஆசிரமத்திலும் நிகழவில்லை. அத்தினபுரம் என்னும் ஒரு பெருநகரத்தின் தெருவில் நிகழ்ந்தது. நகரத்தில் உணவை விளைப்பதும் பகிர்வதும் எப்படி என்று இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அதற்குரிய முதல் பாடத்தை அந்தத் தெருவிலிருந்தே தொடங்கலாம்.

வரலாறு அனைவரும் அறிந்தது. கற்பக மரங்கள் வேண்டியன வழங்கிய போகபூமிக் காலம் முடிந்து, உண்ணும் வழி அறியாமல் மக்கள் திகைத்து நின்றபோது, வாள், எழுத்து, உழவு, கல்வி, வணிகம், சிற்பம் ஆகிய ஆறு தொழில்களையும் கற்பித்தவர் விருஷப தேவர். கரும்பின் சாற்றைச் சேர்க்கும் முறையையும் அவரே கற்பித்தார்; அதனாலேயே அவருக்கு இக்குவாகு என்னும் பெயர் வந்தது என்று புராணம் கூறும். பின்னர் அவர் அரசைத் துறந்து, ஆறு மாதம் உண்ணா நோன்பிருந்தார். நோன்பு முடிந்து ஊர் ஊராக நடந்தபோது, மக்கள் அன்போடு எதிர்வந்தனர். பொன்னைக் கொண்டுவந்தனர், மணியைக் கொண்டுவந்தனர், யானையும் குதிரையும் கொண்டுவந்து நிறுத்தினர். ஒரு கவளம் உணவை முறைப்படி ஏந்தி நிற்க ஒருவருக்கும் தெரியவில்லை. உழவைக் கற்பித்தவர், விளைந்த வயல்களின் நடுவே, ஓராண்டுக்கு மேலாக உண்ணாமல் நடந்தார்.

அத்தினபுரத்தில் சோமப்பிரப மன்னனின் தம்பி சிரேயாம்ச குமாரன் அவரைக் கண்டான். கண்டவுடன் அவனுக்கு ஒரு முற்பிறவி நினைவுக்கு வந்தது. அப்பிறவியில் முனிவர்க்கு உணவளித்த முறை நினைவுக்கு வந்தது. எதிர்கொண்டு வணங்கி, கருப்பஞ்சாற்றை அவர் கைகளில் வார்த்தான். நெடிய நோன்பு பாரணை கண்டது.

இந்த வரலாற்றில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்நாட்டில் பஞ்சம் இருந்ததாகப் புராணம் சொல்லவில்லை. கரும்பும் இருந்தது, நெல்லும் இருந்தது, கொடுக்கும் மனமும் நிறைந்திருந்தது. இல்லாமற்போனது முறை ஒன்றே. இன்றைய நகரங்களின் பசியும் பெரும்பாலும் இத்தகையதே. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணானது. நுகர்வோர்க்கு வந்து சேர்ந்த உணவில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வீணானதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளிலேயே வீணானது. பொருள் இருக்கிறது, பசியும் இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் வழி அடைபட்டிருக்கிறது.

தானத்தின் சிறப்பு எதனால் மிகும் என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரம் நான்கு கூறுகளைச் சொல்கிறது: கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர். முனிவர்க்கு அளிக்கும் ஆகாரத்துக்குச் சொன்ன இலக்கணம் இது. நகரத்தின் உணவைப் பற்றி எண்ணவும் இந்த நான்கினும் பொருத்தமான அளவுகோல் வேறு தேவையில்லை. பொருளிலிருந்து தொடங்குவது எளிது.

பொருள்

சென்னை நகரத்தின் காய்கறி எங்கிருந்து வருகிறது? ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில் நெடுங்காலம் நடந்த மொத்த வாணிகம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. 295 ஏக்கர் பரப்பில் அமைந்த அந்த வளாகத்துக்கு நள்ளிரவில் லாரிகள் வருகின்றன. கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் தக்காளி, நாசிக்கிலிருந்து வெங்காயம், நீலகிரியிலிருந்து மலைக்காய்கள், ஒட்டன்சத்திரத்திலிருந்து நாட்டுக்காய்கள் வருகின்றன. விடிவதற்குள் அவை பிரிந்து தெருக்கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் போய்ச் சேர்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வரை இந்த ஏற்பாட்டைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை.

2020 மே மாதம் 5ஆம் நாள், நோய்த்தொற்றுப் பரவலால் கோயம்பேடு மூடப்பட்டது. காய்கறி மொத்த வாணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஒரே வாயில் அடைபட்டால் ஒரு மாநகரம் முழுவதும் தடுமாறும் என்பதை அந்த நாள்கள் காட்டின. 2023 ஜூலையில் தக்காளியின் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, அரசு அதனை நியாய விலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. தொலைவில் பெய்த மழையும் தொலைவில் தாக்கிய பூச்சியும் சென்னைச் சமையலறையின் கணக்கை மாற்றுகின்றன.

இதனினும் பெரிய இடரை ஒரு நாடு முழுவதும் சந்தித்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, அதன் எரிபொருளையும் உரத்தையும் தானியத்தையும் நம்பியிருந்த கியூபா நிலைகுலைந்தது. டிராக்டர்கள் நின்றன. நாட்டுப்புறத்தில் விளைந்ததை நகரத்துக்குக் கொண்டுவர லாரிகளுக்கு டீசல் இல்லை. 1991க்கும் 1995க்கும் இடையில் அந்நாட்டு மக்களின் உடல் எடை சராசரியாக 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்று மருத்துவ ஆய்வு பதிவு செய்துள்ளது. தலைநகரான ஹவானாவின் மக்கள் தங்கள் கண்ணெதிரே கிடந்த வெற்றிடங்களுக்குத் திரும்பினர். கட்டட இடிபாடுகளும் குப்பையும் கிடந்த மனைகளில் கல்லாலும் பலகையாலும் வரம்பு கட்டி, மட்கிய எருவையும் மண்ணையும் நிரப்பி, உயர்த்திய பாத்திகள் அமைத்தனர். மண் கெட்ட இடத்திலும் பயிர் வைக்க அம்முறை உதவியது. இரசாயன உரம் கிடைக்காததால் தொழுவுரமும் இலையுரமும் இட்டனர். நகரின் கிழக்கே அலமார் என்னும் குடியிருப்புப் பகுதியில் 1997இல் தொடங்கிய கூட்டுறவுத் தோட்டம் பின்னர் ஏறத்தாழ 10 ஹெக்டேருக்கு வளர்ந்தது. காலையில் பறித்த கீரை அதே காலையில் தோட்ட வாயிலிலேயே விற்கப்பட்டது. விளைந்த இடத்துக்கும் உண்ணும் இடத்துக்கும் இடையே லாரியே தேவைப்படவில்லை.

ஹவானாவின் பாடத்தை மிகையாகவும் கொள்ளக் கூடாது. அந்த நகரம் தனக்கு வேண்டிய கீரையையும் காயையும் பெருமளவில் விளைத்துக்கொண்டது, தானியத்தை விளைக்கவில்லை. கியூபா இன்றும் தானியத்துக்கு இறக்குமதியைச் சார்ந்திருக்கிறது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டங்களில் நிலம் உடைய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஓர் ஏக்கரில் 75 கிலோ மூட்டையாக 27 மூட்டை நெல் விளைவதாகக் கொள்ளலாம். 600 சதுர அடி மொட்டை மாடி ஓர் ஏக்கரில் 72இல் ஒரு பங்கு. அங்கே நெல்லே விளைந்தாலும் 28 கிலோதான் கிடைக்கும். அரைத்தால் 18 கிலோ அரிசி. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்குக்கூட அது போதாது. அதே மாடியில் கீரையும் கத்தரியும் வெண்டையும் அவரையும் வைத்தால், ஆண்டின் பெரும்பகுதிக்கு அன்றாடக் காய் கிடைக்கும். நகரம் அரிசிக்கு நாட்டுப்புறத்தையே நம்பி வாழும். பச்சைக்கு அவ்வாறு முழுவதும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

மாடித் தோட்டத்துக்கென விதையும், தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பைகளும் அடங்கிய தளைகளைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கிவருகிறது. நார்க்கழிவு மண்ணைவிட எடை குறைந்தது. மாடியின் தளத்துக்குச் சுமை ஏற்றாது. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலும், நீர் தேங்காத தளமும் இருந்தால் முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

சிராவகர் மனத்தில் இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. மண்ணைக் கிளறுவதும் நீர் பாய்ச்சுவதும் உயிர்களுக்கு ஊறு செய்வதாகாதா? ஆகும். ஆகமம் அதனை மறைப்பதில்லை. ஆயினும் எண்ணித் துணிந்து செய்யும் கொலையையும், இல்லற வேலையிலும் தொழிலிலும் தவிர்க்க இயலாமல் நேரும் ஊறினையும் அது வேறு வேறாக வைக்கிறது. முன்னதை இல்லறத்தான் அறவே விலக்க வேண்டும். பின்னதை விழிப்புடன் குறைக்க வேண்டும். வடநாட்டுச் சமணர் பெரும்பாலும் வணிகத்தில் நின்றபோது, தமிழ்ச் சமணர் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள். உழவைக் கற்பித்தவரே முதல் தீர்த்தங்கரர் என்னும் நினைவோடு உழுதவர்கள். சந்தையில் வாங்கும் கத்தரிக்காய்க்கு எத்தனை முறை நச்சு மருந்து தெளிக்கப்பட்டது, எத்தனை உயிர் அதனால் மடிந்தது என்பது வாங்குவோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாடியில் வளர்ப்பவரின் கண்ணுக்கு அது தெரியும். வலை கட்டிப் பூச்சியைத் தடுக்கலாம். வேப்பெண்ணெய்க் கரைசலை முன்கூட்டியே தெளித்து, பூச்சி அண்டாமல் காக்கலாம். புழு ஏறிய இலையைக் கிள்ளி ஒதுக்குப்புறமான செடியில் விடலாம். கிழங்கு வகைகளை விலக்கி, பறித்தபின்னும் செடி உயிரோடிருக்கும் காய்களையும் கிள்ளுகீரைகளையும் தேர்ந்துகொள்ளலாம். கொல்லாமை விரதம் கொண்டவர்க்குத் தன் உணவின் வரலாறு தெரிந்திருப்பது ஒரு பெரும் பேறு.

முறை

பொருள் இருந்தும் முறை இல்லாமையே பழைய குறை என்று கண்டோம் அல்லவா என எவரும் கேட்கலாம். முறையை வகுத்துக்காட்டிய ஒரு நகரம் பிரேசில் நாட்டில் இருக்கிறது. மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் தலைநகரான பெலோ ஓரிசோன்தே ஏறத்தாழ 23 இலட்சம் மக்கள் வாழும் ஊர். 1993இல் மேயர் பத்ருஸ் அனானியாஸ் காலத்தில் அந்நகராட்சி, உணவு என்பது குடிமகனின் உரிமை என்று அறிவித்து, அதற்கெனத் தனித் துறையை ஏற்படுத்தியது.

அத்துறை செய்தவை எளிய செயல்கள். சுற்றுப்புறச் சிற்றுழவர்கள் இடைத்தரகரின்றி விற்க, நகரின் மக்கள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் கடை போட இடம் கொடுத்தது. வணிகர்களுக்கு நல்ல இடத்தில் கடை அளித்து, அதற்கு ஈடாகச் சில அடிப்படைக் காய்கனிகளை நகராட்சி குறித்த விலையில் விற்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அதே வணிகர்கள் வாரக் கடைசியில் புறநகரின் ஏழைக் குடியிருப்புகளுக்கு வண்டியில் காய் கொண்டுபோய் விற்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. மக்கள் உணவகங்களைத் திறந்து, குறைந்த விலையில் முழுச் சாப்பாடு போட்டது. அவ்வுணவகங்களில் ஏழையா, அல்லவா என்று எவரையும் கேட்பதில்லை. கூலியாளும் அலுவலரும் ஒரே வரிசையில் நின்று உண்பதால், அங்கே போவது எவர்க்கும் இழுக்காகவில்லை. இத்தனைக்கும் ஆன செலவு நகராட்சியின் வரவுசெலவில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 2009இல் இத்திட்டம் உலக அளவில் பரிசு பெற்றது.

தமிழ்நாட்டிலும் இவற்றின் கூறுகள் தனித்தனியே உண்டு. 1999 நவம்பர் 14இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, உழவரையும் வாங்குவோரையும் நேரே சேர்த்தது. 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், தயிர்ச் சாதம் 3 ரூபாய், சாம்பார்ச் சாதம் 5 ரூபாய். அங்கும் வருவோரின் வருமானத்தை எவரும் விசாரிப்பதில்லை.

அரசு செய்வது அவ்வாறிருக்க, குடும்பங்களும் ஆலயங்களும் செய்ய வேண்டிய முறை ஒன்று உண்டு. அது மிஞ்சிய உணவைப் பற்றியது. திருமணம், சீமந்தம், பஞ்ச கல்யாண விழா என எங்கும் இலை நிறைய உணவு மிஞ்சுகிறது. இரவு பத்து மணிக்குப் பந்தி முடிந்தபின், மிச்சத்தை யாருக்கேனும் அனுப்பலாம் என்று எண்ணம் வருகிறது. அப்போது அது பெரும்பாலும் கொடுக்கத் தகுதியற்றதாகிவிடுகிறது. சமைத்த உணவு 60 பாகைக்கு மேல் சூடாகவோ, 5 பாகைக்குக் கீழ்க் குளிராகவோ இருந்தாலன்றி நுண்ணுயிர்கள் அதில் விரைந்து பெருகும் என்று உணவு அறிவியல் கூறுகிறது. மிஞ்சிய உணவைச் சேகரித்து வழங்குவதற்கென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனி விதிகளையே வகுத்துள்ளது.

இந்த அறிவு சமணர்க்குப் புதிதன்று. எந்த உணவும் இவ்வளவு பொழுதுக்குள் உண்ணத் தக்கது, அதற்குமேல் அதில் சீவன்கள் தோன்றும் என்று உணவுக்கு எல்லை குறித்தவர்கள் முன்னோர். இரவுண்ணாமையும், நீரை வடிகட்டிப் பருகுதலும் அதே விழிப்பின் வெவ்வேறு வடிவங்கள். பகலிலேயே பந்தியை முடிக்கும் பழைய வழக்கம் மீளுமானால், மாலை ஐந்து மணிக்கே மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சூடு ஆறுமுன் அது உண்பவர் கையைச் சேரும். விரதம் காத்ததாகவும் ஆகும். பசி தீர்த்ததாகவும் ஆகும்.

இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. தமக்கெனத் தனியே சமைத்த உணவை முனிவர் ஏற்பதில்லை. இல்லத்தார் தமக்குச் சமைத்துக்கொண்ட தூய உணவில் ஒரு பங்கையே ஏற்பர். ஆகவே ஆகார தானம் என்பது இலக்கணப்படியே வீட்டார் உண்ணும் உணவின் பங்கு. ஒதுக்கியதும் எஞ்சியதும் அதில் சேர்வதில்லை. இந்த அளவுகோலை நகரத்தின் எளியோர்க்கும் பொருத்தினால் பல பழக்கங்கள் திருந்தும். காலாவதி நெருங்கிய பொட்டலங்களையும் புளித்த சாதத்தையும் கொடுத்துவிட்டுப் புண்ணியக் கணக்கு எழுத இயலாது. நாள்தோறும் அரிசி களையும்போது ஒரு பிடி கூடுதலாகப் போட்டுச் சமைத்து, சூடாக ஒருவர்க்குக் கொடுப்பது, விழா முடிவில் அண்டாவோடு அனுப்புவதைவிட உயர்ந்தது.

பெறுபவர்

தானம் பெறுவோரைப் பற்றி ஆதிபுராணம் ஒரு பகுப்பைத் தருகிறது. தவத்தோர்க்குப் பத்தியுடன் அளிப்பது பாத்திர தத்தி. துன்புறும் உயிர்க்கு இரக்கத்தால் அளிப்பது தயா தத்தி. தம்மையொத்த அறத்தினர்க்கு அளிப்பது சம தத்தி. வழித்தோன்றலிடம் குடும்பத்தை ஒப்படைப்பது அன்வய தத்தி. முதலாவதற்குப் பெறுபவரின் தகுதி பார்க்கப்படும். இரண்டாவதற்குப் பசி ஒன்றே தகுதி. சாதியும் சமயமும் குடும்ப அட்டையும் அங்கே கேள்விக்கு வருவதில்லை.

நகரத்தில் பசித்திருப்பவர் யார் என்று காண்பதே அரிது. நாட்டுப்புறத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரு முழுவதும் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அடுத்த கதவுக்குப் பின்னால் தனித்திருக்கும் முதியவர் இரண்டு வேளை ரொட்டியால் காலம் தள்ளுவது யாருக்கும் தெரிவதில்லை. கட்டட வேலைக்கு வடமாநிலத்திலிருந்து வந்தவர், மருத்துவமனை வாயிலில் நோயாளியோடு தங்கியிருக்கும் உறவினர், தேர்வுக்கெனச் சிற்றறையில் தங்கிப் படிக்கும் இளைஞர் ஆகியோர் கை நீட்டுவதில்லை. நீட்டாதவரின் பசியைக் கண்டறிவதே நகரத்துத் தயையின் முதற்பணி.

சென்னை நகரம் இதில் ஒரு நல்ல மரபை உடையது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் காலத்தில் அது மாநிலத்தின் திட்டமாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பள்ளி வரிசையில் அமர்ந்து உண்ணும் பிள்ளை எவர் முன்னும் இரந்து நிற்பதில்லை. அங்கே உணவு பிள்ளைக்குரிய பங்காகத் தட்டில் விழுகிறது. அம்முறை இன்றும் நிலைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முனிவர்க்கு உணவளிக்கும்போது செய்யும் ஒன்பது வகை உபசாரங்களில் முதலாவது எதிர்கொள்ளல். வாயிலில் நின்று, வருக என்று அழைப்பது. எளியவர்க்கு உணவளிக்கும்போது மற்ற எட்டும் இயலாமற்போகலாம். இந்த ஒன்று இயலும். படம் பிடிக்காமல் கொடுப்பதும், உட்கார இடம் தந்து பரிமாறுவதும், இன்னும் வேண்டுமா என்று கேட்பதும் எதிர்கொள்ளலே.

கொடுப்பவர்

கொடுப்பவர்க்குரிய ஏழு குணங்களை நூல்கள் எண்ணுகின்றன. நம்பிக்கை, மகிழ்ச்சி, பத்தி, பற்றின்மை, பொறை, ஆற்றல் என்பவற்றோடு அறிவும் அவற்றுள் ஒன்று. அறிவில்லாத கொடை அரைக்கொடை என்பது இதன் கருத்து. விருஷப தேவரின் முன் பொன்னையும் யானையையும் கொண்டுவந்து நிறுத்தியவர்களிடம் பத்தி குறைவாக இருந்ததில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். தமிழ்ச் சமணக் குடும்பங்களும் இந்த ஓட்டத்தில் வந்தவையே. கல்விக்கும் பணிக்கும் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் வந்தனர். ஊரில் ஜினாலயம் இருக்கிறது. பூசை செய்யும் குடும்பங்கள் குறைந்துவிட்டன. நிலம் குத்தகைக்குப் போயிருக்கிறது, அல்லது மனைகளாகியிருக்கிறது. முற்காலத்தில் பள்ளிச்சந்தம் என்று வரி நீக்கிய நிலங்களைச் சமணப் பள்ளிகளுக்கு விட்டனர். விளைச்சலே தானமாக இருந்த காலம் அது. இன்று தானம் பெரும்பாலும் காசோலையாகிவிட்டது. ஒரு வேளை அன்னதானத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தினால், பெயர்ப் பலகை எழுதப்படுகிறது. சமைப்பவர் வேறு, பரிமாறுபவர் வேறு, உண்பவர் யாரென்று கொடுத்தவர்க்குத் தெரியாது. பணம் கொடுப்பது குறையன்று. ஆயினும் பணம் மட்டுமே கொடுக்கும் தலைமுறை, கொடுக்கும் முறையை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல இயலாது.

சிரேயாம்ச குமாரனுக்கு முறை எங்கிருந்து கிடைத்தது என்பதை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தகும். அவன் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது அவனுக்கு நினைவுக்கு வந்தது. அந்த நினைவுக்காக அவன் முந்தைய பிறவிகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. இந்த அவையில் இருப்போர்க்கு அவ்வளவு தொலைவு தேவையில்லை. ஒரு தலைமுறை பின்னால் போனால் போதும். களத்து மேட்டில் முதல் மரக்கால் நெல்லைக் கோயிலுக்கு அளந்து வைத்த பாட்டனாரும், தெருவில் போகும் வழிப்போக்கரை அழைத்து மோர் கொடுத்த பாட்டியாரும் பல வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை நிறைய உண்டு: எந்தப் பட்டத்தில் எந்த விதை ஊன்றுவது, ஒரு படி அரிசிக்கு எத்தனை பேர் உண்பர், கறிகாய் மிஞ்சாமல் எப்படி அளவிடுவது. இவை எந்த நூலிலும் முழுவதும் இல்லை. அவர்களோடு போய்விடக் கூடியவை.

செய்யத்தக்கவை பெரியன அல்ல. நகர ஜினாலயங்களின் மாடியும் முற்றமும் வெறுமையாகக் கிடக்கின்றன. பத்துக் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு அங்கே கீரைப்பாத்தி போட்டால், பிள்ளைகள் வாரத்தில் ஒருநாள் மண்ணைத் தொடுவர். ஆலயத்தின் அன்றாடச் சமையலுக்குப் பச்சையும் கிடைக்கும். விழாக்களுக்கு வேண்டிய அரிசியையும் பருப்பையும் எண்ணெயையும் சொந்த ஊர்களின் உழவரிடமே நேராக வாங்கலாம். குத்தகைக்கு விட்ட நிலத்தில் பாதிக்கேனும் நச்சு மருந்து இல்லாமல் பயிரிடக் கேட்டு, அதற்குரிய கூடுதல் விலையைக் கொடுக்க நகரத்துக் குடும்பங்கள் முன்வரலாம். அப்போது நகரமும் ஊரும் தேர்த் திருவிழாவுக்கு மட்டும் சந்திக்கும் நிலை மாறும். அருகில் உள்ள மருத்துவமனை வாயிலில் வாரம் ஒருநாள், சூரியன் சாயுமுன், வீட்டில் சமைத்த உணவை உட்கார வைத்துப் பரிமாறலாம். ஒரே நாளில் ஆயிரம் பேர்க்குப் போடுவதைவிட, ஆண்டு முழுவதும் தவறாமல் இருபது பேர்க்குப் போடுவது கடினம். பசியும் ஆண்டு முழுவதும் வருகிறது.

அட்சயம் என்றால் குறையாதது என்பது பொருள். அன்று அத்தினபுரத்தில் வார்க்கப்பட்ட சாறு ஒரு முனிவரின் இரு கைகளில் கொள்ளும் அளவே. அதைக் கண்ட மக்கள் கொடுக்கும் முறையை அறிந்துகொண்டார்கள். அன்றுமுதல் அறவோர் எந்த ஊரிலும் பட்டினியோடு திரும்பவில்லை. குறையாமல் நின்றது அந்த அறிவே. இவ்வாண்டு அட்சய திருதியைக்கு ஒரு கிராம் பொன் வாங்கும் வீடுகளில், கூடவே ஒரு பை கீரை விதையும் வாங்கப்படட்டும். அடுத்த மாதம் பறிக்கும் முதல் கட்டு, பெயர் தெரியாத ஓர் அண்டை வீட்டாரின் கதவுக்குப் போகட்டும்.

அறம் வளர்க. ஜெய ஜினேந்திர.